ஓட்டைக் காலணா இறங்கிய சிலிண்டர்

என் வாப்பாவுக்குச் சங்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் அது உண்மை. கீழக்கரையில் எங்கள் சரக்குக் கிட்டங்கிக்கு வரும் ஒவ்வொரு சங்கையும் ஒரு பித்தளை வளையத்தில் விட்டுப் பார்ப்பார். வளையத்துக்குள் புகுந்து விழுந்தால் பொடிச் சங்கு, தள்ளு. விழாமல் நின்றால் கல்கத்தாவுக்குப் போய் வளையல் ஆகிற சங்கு, எடுத்து வை. பல வருஷம் இதையே செய்ததில் உலகத்தில் எதையும் வெளிப்பக்கம் அளந்தால் போதும் என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை பார்த்தது உட்பட.

எங்கள் கார் கொழும்பிலிருந்து வந்தது. பச்சை நிறச் சீமைக் கார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, பாம்பன் பாலத்தை ரயிலில் உட்கார்ந்தபடி கடந்து மண்டபம் வந்து சேர்ந்தது. அதை ஓட்ட ஒரு டிரைவரை வைத்தார்கள். உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளையும் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். காரைத் துடைக்கும்போது நான் எத்தனை கேள்வி கேட்டாலும் அவர் சலித்துக்கொண்டதில்லை. அதனாலேயே எங்கள் வீட்டில் எனக்குப் பிடித்த ஆள் அவர் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டு ஆளே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் பிரேக்கில் எண்ணெய் ஒழுகியது. டிரைவர் கால்பலகையைத் தூக்கி, மிதிக்குப் பக்கத்திலிருந்து ஓர் இரும்புச் சாமானைக் கழற்றி எடுத்தார். மாஸ்டர் சிலிண்டர் என்றார். தடித்த குழல், ஒரு பக்கம் மூடி, மறு பக்கம் வாய், பூட்டுவதற்கு இரண்டு காது. வாப்பா கொழும்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்த டிரைவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உள்ளளவு பாத்து வாங்குங்க மொதலாளி. வெளிக்கூடு ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"எனக்கு அளவு சொல்லித் தர்றியாக்கும்" என்றார் வாப்பா.

புதுசு வந்தது. பளபளவென்று இருந்தது. டிரைவர் அதைப் பிரிக்காமலே பூட்டினார். பழையதைத் தூக்கி எறியாமல் கோணியில் சுற்றி எங்கேயோ வைத்தார். அதற்குப் பிறகு காரை நிறுத்த வேண்டுமென்றால் அவர் மிதியை இரண்டு மூன்று தடவை குத்திக் குத்தி மிதிப்பதை நான் பார்த்தேன். மிதி ரொம்பப் பள்ளத்துக்குப் போகிறது என்று வாப்பாவிடம் இரண்டு முறை சொன்னார். புதுச் செருப்பு மாதிரி, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று வாப்பா இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

அது பழகவில்லை. ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு உம்மாவும் லாத்தாவும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். லாத்தா என்றால் என் அக்காள். அவளும் உம்மாவும் பின்னால் இருந்தார்கள். நான் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில். ஊரணிக் கரை மேல் வரும்போது ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. டிரைவர் மிதித்தார். நான் ஆட்டைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது என் வழக்கம். மிதி கீழே போனது, போய்ப் பலகையில் முட்டியது. கார் நிற்கவில்லை. காலைத் தூக்கி மறுபடி மிதித்தார். மறுபடியும் பலகை. ஆட்டை விட்டுக் காரை ஒடித்தார். ஊரணிக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் போய் நின்றோம். ஓர் ஆடுகூடச் சாகவில்லை. உம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

அன்று சாயங்காலமே வாப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பனங்காட்டுக்காரன், கள்ளைக் குடித்துவிட்டு வண்டியெடுத்திருக்கிறான்.

"சாமி சத்தியமா பல்லுல படல மொதலாளி. மிதி பலகைக்குப் போயிருச்சு" என்றார் டிரைவர். சேறு காய்ந்து அவர் வேட்டி பலகை மாதிரி விறைத்து நின்றது.

"ஆமா வாப்பா, நான் பாத்தேன்" என்றேன்.

உம்மா முறியாத கையால் என் தொடையைத் திருகினாள். டிரைவர் போய்விட்டார். வாப்பா சொன்ன சொல் கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை போயிற்று. காரும் லாரியும் வைத்திருந்தவர்களே அந்தக் காலத்தில் கொஞ்சப் பேர்தான், எல்லோருக்கும் வாப்பாவைத் தெரியும். குடித்துவிட்டு ஊரணியில் விட்டவனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? எனக்கு அதெல்லாம் அப்போது பெரிதாக உறைக்கவில்லை. என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். மிதி ஏன் பலகைக்குப் போனது?

இரண்டு வருஷம் கார் கிட்டங்கியில் சங்கு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. சங்குக்குள் செத்த சதையின் நாற்றம் சீட்டில் ஏறியது. எலி குட்டி போட்டது. பிறகு லாத்தாவுக்கு ராமநாதபுரத்தில் மாப்பிள்ளை நிச்சயமானது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் நம் காரில்தான் அனுப்ப வேண்டும் என்று வாப்பா பிடிவாதம் பிடித்தார். ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். லாரி வேலை பார்த்த ஆள், காதில் எப்போதும் ஒரு பீடி. சீமைக் கார் எல்லாம் லாரிக்குப் பிள்ளை மாதிரி என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்.

எனக்குப் பதினொரு வயது. இன்னும் என்னை வீட்டுக்குள் போட்டு அடைக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. காலையில் குர்ஆன் ஓதிவிட்டு வந்ததும் நேரே கிட்டங்கிக்குப் போய்விடுவேன்.

"அது என்ன? இது எதுக்கு? இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஏந்தாயி, இந்த வண்டிக்கு முன்னால ஒன் வாயிக்கு ஒரு பிரேக்கு வாங்கணும் போலயே" என்பார் மெக்கானிக். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். மாஸ்டர் சிலிண்டர் என்ன செய்யும் என்று அவர் சொன்னது இன்றும் எனக்கு மறக்கவில்லை. மூங்கில் பீச்சாங்குழல் வைத்து நீ தண்ணீர் அடித்ததில்லையா, அதேதான் என்றார். மிதி தள்ளும், குழலுக்குள் இருக்கும் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு போய் நாலு சக்கரத்தையும் பிடிக்கும். குழல் பெருத்திருந்தால் ஒரு தள்ளுக்கு நிறையப் போகும். சிறுத்திருந்தால் கொஞ்சந்தான் போகும். நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் பத்துவதற்குள் கால் பலகையைத் தொட்டுவிடும்.

கால் பலகையைத் தொட்டுவிடும் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திருகுவார்கள் என்று தொடைக்கு நினைவிருந்தது.

காரிலிருந்த சிலிண்டர் ஊரணித் தண்ணீர் குடித்து உள்ளே துரு பிடித்துக் கிடந்தது. இனி உதவாது என்றார் மெக்கானிக். பின்சீட்டைத் தூக்கியபோது கோணியில் சுற்றிய இன்னொன்று கிடைத்தது. டிரைவர் எடுத்து வைத்த பழசு. அதுவும் உதவாது. இரண்டையும் பிரித்து, உள்ளே இருந்த கட்டையையும் ரப்பரையும் எடுத்துவிட்டு, கூடுகளை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தார். மதராஸில் ஒரு கடைக்கு மாதிரி அனுப்பினால் அதே அளவில் புதுசு வரும். எந்த மாதிரியை அனுப்புவது? பழசின் மேல் இருந்த எழுத்தைத் துரு தின்றிருந்தது. மற்றதன் மேல் நம்பர் இருந்தது, ஆனால் அது எந்த வண்டியின் நம்பர் என்று பார்க்க மெக்கானிக்கிடம் புத்தகம் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானா மொதலாளி?" என்று கேட்டார்.

வாப்பா மடியிலிருந்து பித்தளை வளையத்தை எடுத்தார். பழையதில் மாட்டினார், காது வரை போய் நின்றது. மற்றதில் மாட்டினார், அதுவும் காது வரை போய் நின்றது. கண்ணால் ஒருமுறை என்னையும் பார்த்துக்கொண்டார், பார்த்தாயா என்பது போல.

"முடி அளவு வித்தியாசம் இல்ல. எழுத்து நல்லாத் தெரியுது பாரு, அத அனுப்பு."

மெக்கானிக் தலையாட்டினார். நாளை காலை ரயிலில் பார்சல் போட வேண்டும் என்று ஒரு பெட்டி செய்ய ஆசாரியிடம் போனார். வாப்பா சங்கு எண்ணப் போனார்.

எனக்கு வேறு வேலை இல்லை. என் கழுத்தில் ஒரு கறுப்புச் சரட்டில் ஓட்டைக் காலணா ஒன்று தொங்கும். நடுவில் பெரிய ஓட்டை போட்ட பழைய செப்புக் காசு, அப்போதே செல்லாக்காசாகிக்கொண்டிருந்தது. அதை வைத்து நான் குளியாளி விளையாட்டு விளையாடுவேன். குளியாளிகள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுப்பார்கள், மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். காலணாதான் குளியாளி, சரடு கயிறு, எந்தக் குழி கிடைத்தாலும் அது கடல். கழுத்திலிருந்து கழற்றினால் காசு நழுவாமல் படுத்தபடி தொங்க, சரட்டின் நுனியில் ஒரு மொத்தையான முடிச்சு. அன்று இரண்டு கடல் கிடைத்தது. நிமிர்த்தி வைத்தேன். பழைய சிலிண்டரில் குளியாளியை இறக்கினேன். இறங்கினான். அடியில் டிக்கென்று தட்டினான். சரட்டை இழுத்தேன், ஏறி வந்தான். மற்றதில் இறக்கினேன். வாயிலேயே நின்றுவிட்டான்.

அழுக்கு என்று நினைத்தேன். துணியை விட்டுத் துடைத்தேன். நின்றான். விரலால் அழுத்தினேன். நின்றான். திருப்பிப் போட்டேன், சாய்த்துப் போட்டேன், பல்லால் சரட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். அவன் உள்ளே போகவே மாட்டேன் என்றான். பழையதில் மறுபடி விட்டேன். டிக். மெக்கானிக் திரும்பி வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

"இங்கன பாருங்க. இதுல போறான், அதுல போக மாட்டேங்கிறான்."

"எவன் தாயி?"

காட்டினேன். மெக்கானிக் பீடியைக் காதிலிருந்து எடுத்து, பற்ற வைக்காமல் மறுபடி காதிலேயே வைத்தார். இரும்பு அடிக்கோலை எடுத்து இரண்டு வாயிலும் குறுக்கே வைத்துப் பார்த்தார்.

"அடி ஆத்தி! இது ஏழு நூலு, அது ஆறு நூலு" என்று கத்தினார். இஞ்சில் எட்டில் ஒரு பங்கை அவர்கள் நூல் என்பார்கள். "மொதலாளி, இங்கன வாங்க. ரெண்டும் வேற! கூடுதான் ஒண்ணு, உள்ள வேற!"

வாப்பா வந்தார். மெக்கானிக் காலணாவை இறக்கிக் காட்டினார். அந்த மனிதருக்கு வேலை சுத்தமாகப் பிடிபட்டுவிட்ட சந்தோஷம். வாப்பாவின் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனார்.

"பழசு வண்டியோட வந்ததா?"

"ஆமா."

"அப்ப அதான் சரியானது. இது சின்ன வண்டிக்கு உள்ளது மொதலாளி. இதப் போட்டா மிதி பலகைக்குப் போகும், வண்டி எப்பிடி நிக்கும்? எந்தக் கூமுட்டப் பய வாங்கிட்டு வந்தான் இத?"

கிட்டங்கியில் சங்கு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வாப்பா கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார்.

"வளையத்துல போட்டுப் பாத்துத்தான் வாங்குனது" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரே குதூகலம். இரண்டு வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது! கால் பலகைக்குப் போனதற்குக் காரணம் கள் இல்லை, ஆறு நூல். நான் பார்த்தது பொய் இல்லை. இனி டிரைவர் வந்துவிடுவார், அவரிடம் கேட்க என்னிடம் நூறு கேள்வி சேர்ந்திருந்தது.

பழைய சிலிண்டர்தான் மதராஸுக்கு மாதிரியாகப் போனது. அன்று மத்தியானம் வாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மடியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் எடுத்தார். ராஜா தலை போட்டது, கனமானது.

"இந்தா, இத நீ வச்சுக்க. அந்த ஓட்டக் காச இங்கன குடு. உம்மாட்டயும் லாத்தாட்டயும் இதப் பத்தி மூச்சு விடக்கூடாது. என்ன?"

சரட்டை அறுத்துக் காலணாவைக் கொடுத்தேன். என் ஆயுளில் வாப்பா எனக்குக் கொடுத்த முதல் பரிசு. லாத்தாவுக்குத் தெரிந்தால் தனக்கும் வேண்டும் என்று அழுவாள், கல்யாணப் பெண் அழக்கூடாது, அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உம்மாவிடம் சொல்லவில்லை. லாத்தாவிடம் சொல்லவில்லை. ராத்திரி தலையணைக்குக் கீழே வைத்துத் தடவிப் பார்ப்பதோடு சரி.

புதுச் சிலிண்டர் வந்தது. மெக்கானிக் பூட்டினார். ஏழு நூல். மிதி பாதி தூரம் போய்க் கெட்டியாக நின்றது. மெக்கானிக் என்னையும் உட்கார வைத்து ஒருமுறை மிதிக்கச் சொன்னார். பிறகு புது டிரைவர் ஒருவன் வந்தான். பழையவர் ஏன் வரவில்லை என்று உம்மாவிடம் கேட்டேன். குடிகாரனுக்கு இங்கே என்ன வேலை என்றாள், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே. அவளுக்கு அந்தக் கை கடைசி வரை சோற்றுப்பானை தூக்க உதவவில்லை. அவள் பேச்சில் தப்பில்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியவிடாமல் வைத்திருந்ததில் என் பங்கும் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்தது. லாத்தா அந்தக் காரில் பத்திரமாகப் போனாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பலகாரக் கூடைகளோடு வாப்பா ராமநாதபுரத்துக்குப் புறப்பட்டார். நானும் ஏறிக்கொண்டேன். ரூபாய் என் கையில் இருந்தது.

பாதி வழியில் ஓர் உப்பு வண்டி குறுக்கே திரும்பியது. புது ஆள் மிதித்தான். ஒரே மிதி. மாட்டின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. வண்டியிலிருந்து ஒருவர் குதித்து இறங்கினார். மாட்டைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"ஒரே மிதில நிக்குதேப்பா" என்றார். எங்கள் பழைய டிரைவர். முதுகெல்லாம் உப்பு பூத்திருந்தது.

நிமிர்ந்தபோதுதான் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா முன்சீட்டில் இருந்தார். எனக்குப் பொறுக்குமா? உம்மாவிடமும் லாத்தாவிடமும்தான் சொல்லக்கூடாது. டிரைவரிடம் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டேன்.

"நீங்க குடிக்கலையாம்! சிலிண்டர்தான் தப்பாம்! ஆறு நூலு! வாப்பா வளையத்துல அளந்து தப்பா வாங்கிட்டாக. நான்தான் கண்டுபிடிச்சேன். அதுக்கு வாப்பா எனக்குப் பரிசு குடுத்தாக, பாருங்க!"

ரூபாயைக் காட்டினேன். டிரைவர் ரூபாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

"எப்பக் குடுத்தாக தாயி?"

"கல்யாணத்துக்கு முந்தி! ரெண்டு மாசம் இருக்கும்."

வாப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை, மாடுதான் இருந்தது.

"நீங்க எப்ப வேலைக்கு வருவீக?" என்று கேட்டேன்.

"இந்த வண்டிய யாரு பாக்குறது தாயி? இதுல மாஸ்டர் சிலிண்டரே கெடயாது. 'ஓ'ன்னா நின்னுரும்." மாட்டின் கழுத்தைத் தட்டினார். பிறகு என் விரல்களை மடக்கி ரூபாயை மூடினார். "பத்திரமா வச்சுக்க. ஒங்க வாப்பா கையிலருந்து லேசுல வந்துராது."

மாட்டை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார்.

"வண்டிய எடு" என்றார் வாப்பா.

வாப்பா பிறகும் பல வருஷம் இருந்தார், அந்தப் பக்கத்து முதலாளிகளிடம் தான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அதற்காக இன்று எனக்கு அவர் மேல் வருகிற கோபத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அன்று வரவில்லை. அன்று குழப்பம்தான். ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை யோசித்தேன். டிரைவர் குடிக்கவில்லை, அது அவருக்கு நல்ல செய்தி. கார் ஒரே மிதியில் நிற்கிறது, அது வாப்பாவுக்கு நல்ல செய்தி. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவள் நான். ஏன் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை?

காலணாவாக இருந்தால் சரட்டில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பேன். ரூபாயில் ஓட்டை இல்லை. வேர்த்த கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.